ஆங்கிலம் படிக்கச் சொல்கிறார்கள், வகுப்பைத்தான் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியாவில் வாழ விரும்புகிறவர்கள் ஆங்கிலம் பேசத்தான் வேண்டும் என்று இந்நாட்டின் பெரிய கட்சிகள் மாறி மாறி வலியுறுத்திவருவதைத் தங்கள் பத்திரிகையில் தொடர்ந்து வாசித்துவருகிறேன். கிழக்கு இலண்டனில், தேவாலயம் ஒன்றின் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில், அந்தக் கோரிக்கையில் எனக்கு மறுப்பில்லை. வந்த புதிதில், வைத்தியரிடம் போய் வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, எப்போது தொடங்கியது என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தவள் நான்.

ஆனால் இந்தக் கோரிக்கையை வைப்பவர்கள் அதற்கான பணத்தை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதுவரை பெரும்பாலானோர் இலவசமாகப் படித்துவந்த ஆங்கில வகுப்புகளுக்கு 2007 இல் தொழிற்கட்சி அரசு கட்டணம் கொண்டுவந்தது. 2010 நவம்பரில், வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஆங்கிலப் பரீட்சையைக் கட்டாயமாக்கியது பழமைவாதக் கட்சி தலைமையிலான கூட்டரசு. இங்கிலாந்தில் இவ்வகுப்புகளுக்கு 2009-10 இல் 203 மில்லியன் பவுணாக இருந்த நிதியோ, 2015-16 இல் 90 மில்லியனுக்கு இறங்கியிருந்தது.

இதில் மறக்க முடியாதது அந்தக் கூட்டரசின் பிரதமராக இருந்து, 2015 தேர்தலுக்குப் பிறகும் பிரதமராகத் தொடர்ந்த டேவிட் கமரூனின் கணக்கு. வேலையற்றோர் உதவித்தொகை பெறுகிறவர்களை ஜொப் சென்டர் என்ற அரச வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிவைத்த ஆங்கில வகுப்புகளுக்கான 45 மில்லியன் பவுணை அவரது அரசு 2015 ஜூலையில் நிறுத்தியது. ஆறு மாதம் கழித்து, முஸ்லிம் பெண்களில் 190,000 பேருக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாது என்று கவலைப்பட்டு, அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க 20 மில்லியன் பவுண் தருவதாக அறிவித்தார். வாழ்க்கைத்துணை விசாவில் வந்தவர்கள் இரண்டரை ஆண்டில் முன்னேற்றம் காட்டாவிட்டால் இங்கே தங்க முடியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையையும் கூடவே விடுத்தார். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன்கோவில் என்று நம்மவர் சொல்வது இதைத்தான்.

ஆட்சி மீண்டும் தொழிற்கட்சியிடம் வந்தும் இது மாறவில்லை. நாடு 'அந்நியர்களின் தீவு' ஆகிவிடும் அபாயம் இருக்கிறது என்று 2025 மே மாதம் பேசி, பிறகு அந்தச் சொற்களுக்காக வருந்திய பிரதமர் கெயர் ஸ்டாமரின் அரசு, திறன்சார் தொழில் விசாவுக்கு வேண்டிய ஆங்கிலத் தரத்தை பி1 என்ற இடைநிலையிலிருந்து பி2 என்ற மேல் இடைநிலைக்கு உயர்த்தியது. ஆங்கில வகுப்புகள் பெரிதும் நம்பியிருக்கும் வயதுவந்தோர் திறன் நிதியை 2025-26 ஆம் கல்வியாண்டுக்குக் குறைத்ததும் அதே அரசுதான்.

இந்த வெட்டுகள் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைச் சென்ற மாரிகாலத்தில் பார்த்தேன். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஒரு தாய், நாலாக மடித்த கடிதமொன்றை என்னிடம் நீட்டி, "அக்கா, வகுப்புக் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். கல்லூரி அனுப்பிய கடிதம் அது. மாலை வகுப்பு இனி இல்லை, காலை வகுப்புக்கான காத்திருப்போர் பட்டியலில் அவருடைய பெயர் இருக்கிறது, இடம் வந்தால் அறிவிக்கப்படும் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதை வாசிக்கத் தெரிந்திருந்தால் அவர் அந்த வகுப்புக்கு விண்ணப்பித்தே இருக்க மாட்டார். காலை ஒன்பது மணிக்குத்தான் அவர் படுக்கைக்கே போகிறவர் என்பது வேறு விடயம்.

நம் வீடுகளிலும் குறை உண்டு. "உமக்கேன் இங்கிலீஷ், நான் பாத்துக்கொள்ளுறன்" என்று மனைவியை வகுப்புக்கு விடாத கணவர்மாரை எனக்குத் தெரியும். ஆனால் விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருப்பவர்களையும், படிக்க மனமில்லாதவர்கள் என்று மேடையில் சேர்த்துத் திட்டுவது எந்த விதத்தில் நியாயம்?

தைப்பொங்கலுக்கும் தேர்தலுக்கும் எங்கள் கோயில் மண்டபங்களுக்கு வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு "வணக்கம்" சொல்லும் அரசியல்வாதிகளிடம், உங்கள் தொகுதியில் மாலை நேர ஆங்கில வகுப்பில் இன்று எத்தனை இடங்கள் உள்ளன, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தங்கள் நிருபர்கள் கேட்டு, அவர்கள் சொல்லும் எண்ணைப் பெயரோடு வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தன்னார்வ ஆங்கில ஆசிரியை ஒருவர்,
கிழக்கு இலண்டன்.