ஒரே தட்டில் இரண்டு ஆம்பூல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிசேரியனுக்கு முதுகில் போடும் மரப்பு ஊசிமருந்து பூபிவகெயின் ஹெவி. 4 மி.லி. ஆம்பூலில் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சுமார் 2 மி.லி. போதும். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த ரத்தநாளத்தில் செலுத்துவது டிரானெக்ஸாமிக் அமிலம், 5 மி.லி. ஆம்பூலில் 500 மி.கி. இரண்டுமே நிறமற்றவை. ஒரே டிராயரில் கிடந்தால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கை எடுத்துவிடும்.

அப்படி மாறி டிரானெக்ஸாமிக் அமிலம் முதுகில் போய்விட்டால் கால் மரக்காது. சில நிமிடங்களில் முதுகிலும் புட்டத்திலும் கடும் வலி, கால்கள் வெட்டி இழுப்பது, வலிப்பு, தாறுமாறான இதயத்துடிப்பு எனப் போகும். நரம்புத் தூண்டலை அடக்கிவைக்கும் கிளைசின், காபா ஏற்பிகளை அம்மருந்து முடக்குவதே காரணம். பாதிக்கப்பட்டோரில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சிலேயே எச்சரித்தது.

‘ஸ்பைனல் (முதுகு மரப்பு ஊசி) பிடிக்கவில்லை’ என்று மறுபடி குத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து. மரப்பு வராமல் வலி வந்தால், முதலில் காலி ஆம்பூலை எடுத்துப் படிக்க வேண்டும்.

டிரானெக்ஸாமிக் அமிலத்தை மயக்க மருந்துத் தட்டிலிருந்தே அப்புறப்படுத்தி, வேறு அலமாரியில் வைக்க வேண்டும். மருந்தை சிரிஞ்சில் எடுக்குமுன் லேபிளை இருவர் உரக்கப் படிக்கட்டும். ஸ்பைனல் ஊசியில் மட்டுமே பொருந்தும்படி வந்திருக்கும் தனி இணைப்பு சிரிஞ்சுகள் நல்லவைதான். ஆனால் தவறான ஆம்பூலை உடைத்து அதிலேயே நிரப்பினால் அவையும் காப்பாற்றாது. டிரானெக்ஸாமிக் அமிலத்தை ஆம்பூலுக்குப் பதில் 100 மி.லி. பையில் கலந்தே வாங்குவது மேல். கொள்முதல் செய்யும் அதிகாரிகள் விலையோடு ஆம்பூலின் தோற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

— மயக்கவியல் மருத்துவர், திருச்சி