பிள்ளைகளின் பஸ் சீசன்: பெற்றோர் கவனத்திற்கு

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) மாணவர் பருவச்சீட்டு, அதாவது சீசன், முழு இலவசமில்லை. கட்டணத்தில் சிறு பங்கை நாங்கள் கட்ட, மிகுதியை அரசு மானியமாகக் கொடுக்கிறது. தாய் தகப்பனுக்கு இது செல்லாது. கூடப் போனால் ரிக்கெற் எடுக்கவேணும். தனியார் மினிபஸ்ஸிலும் காட்ட ஏலாது.

விண்ணப்பப் படிவத்தில் அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வேணும், பிள்ளையின் படமும் வேணும். கூடுதலாகப் பிழை வாறது ஏறுமிடத்தை எழுதேக்கதான். ஒழுங்கை, குறிச்சிப் பெயர் எழுதாதேங்கோ. பஸ் நிற்கிற தரிப்பிடத்தின் பெயரை எழுதுங்கோ. மானிப்பாயில் ஏறி யாழ். நகரில் மாறிக் கோப்பாய் போகிற பிள்ளைக்கு இரண்டு துண்டுப் பயணத்தையும் குறிக்கவேணும். ஒன்றை விட்டால் அந்தத் துண்டுக்குக் காசுதான். ரியூசன் வேறு வழியென்றால் சீசன் உதவாது.

மாத முடிவில் இ.போ.ச. சாலையில் (டிப்போவில்) நெரிசல், முந்திப் போங்கோ. சீட்டை லமினேற் பண்ணமுதல் முத்திரை தெளிவாக விழுந்திருக்கா எண்டு பாருங்கோ.