அளந்து பார்க்காமலே என் மகளுக்கு "விளையாடலாம்" என்று கடிதம் கொடுத்த பிசியோதெரபி நிலையத்துக்கு

முகாமையாளர் அவர்களுக்கு,

என் மகளுக்கு 17 வயது, வலைப்பந்து விளையாடுகிறாள். ஜனவரியில் அவளுக்கு வலது முழங்காலில் ஏ.சி.எல். சத்திரசிகிச்சை நடந்தது, அதாவது முழங்காலுக்குள் இருந்து அதை நிலையாக வைத்திருக்கிற தசைநார் அறுந்ததற்கான சத்திரசிகிச்சை. பெப்ரவரியிலிருந்து காலி வீதியில் இருக்கும் உங்கள் கிளைக்குத்தான் பிசியோதெரபிக்கு வந்தோம். ஜூன் கடைசியில் உங்கள் ஆட்கள் அவளுடைய பாடசாலைக்கு "முழுமையாகக் குணமடைந்துவிட்டார், போட்டிகளில் பங்குபற்றலாம்" என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். பணத்தைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன், ஆனால் முதலில் இந்தக் கடிதம்.

வலைப்பந்து எப்படிப்பட்ட விளையாட்டு என்று அதில் கையெழுத்திட்டவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். பந்தைப் பிடித்த பிறகு ஓட முடியாது. முதலில் ஊன்றிய காலைத் தூக்கினால் அதை மறுபடி தரையில் வைப்பதற்குள் பந்தைக் கொடுத்துவிட வேண்டும், மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. அதனால் முழு வேகத்தில் ஓடி, மேலே குதித்துப் பிடித்து, பெரும்பாலும் ஒற்றைக் காலில் வந்து இறங்கி, அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அந்த நிற்றலின் பாரம் முழுக்க முழங்காலில்தான் விழும். இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்துப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்த என் பிள்ளைக்கு ஏ.சி.எல். அறுந்ததும் அப்படி இறங்கும்போதுதான், யாரும் இடிக்கக்கூட இல்லை.

இனி உங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். "ஒருவருக்கு ஒரு பிசியோ, 45 நிமிடம், விளையாட்டு வீரர்களுக்கான தனித் திட்டம்" என்று விளம்பரத்திலும் சொன்னீர்கள், முற்பணம் வாங்கிய அன்று வாயாலும் சொன்னீர்கள். 96,000 ரூபா கட்டினோம், பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. ஆனால் திரைக்குப் பின்னால் நான்கு கட்டில், நான்கு கட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிசியோ. மகளைப் படுக்க வைத்து சூட்டு ஒத்தடம், அப்புறம் கரண்ட், அப்புறம் ஜெல் பூசி அல்ட்ராசவுண்ட், அதற்குள் நேரம் முடிந்துவிடும். போகும்போது "வீட்டில காலைத் தூக்கி இறக்குங்க தங்கச்சி" என்பார்கள். பெப்ரவரியிலும் அதே, மே மாதத்திலும் அதே. சத்திரசிகிச்சை செய்த டொக்டர் எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தந்த தாளை முதல் நாளே உங்கள் வரவேற்பு மேசையில் கொடுத்தேன். அதை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கரண்ட் வைப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சத்திரசிகிச்சை முடிந்த ஆரம்ப வாரங்களில் முழங்கால் வீங்கியிருக்கும்போது முன்தொடைத் தசை தானாக இறுக மறுக்கும், அந்த நேரத்தில் தசையை இறுக்க வைக்கிற கரண்ட்டைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டு. நீங்கள் மாதக்கணக்காகக் கொடுத்தது அது இல்லை, நோவைக் குறைக்கிற கரண்ட். என் மகளுக்கு ஏப்ரலிலேயே நோ இல்லை! நோ இல்லாத காலுக்கு நோவுக்கான மெஷினைப் போட்டு காசு எடுத்திருக்கிறீர்கள். அல்ட்ராசவுண்ட் தொடைத் தசையைப் பெருக்கவும் செய்யாது, குதித்து இறங்கப் பழக்கவும் செய்யாது. அந்த மாதங்களில் அவளுக்குத் தேவைப்பட்டது படியில் ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது, எடை வைத்துக் காலை மடக்கி நீட்டுவது, வாரா வாரம் அந்த எடையைக் கூட்டுவது, பிறகு குதிப்பது, இறங்குவது, திரும்புவது. அதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், பக்கத்தில் நின்று முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பார்க்க ஓர் ஆள்தான் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் நாங்கள் காசு கட்டினோம்.

இப்போது அந்தக் கடிதம். நோ இல்லை, வீக்கம் இல்லை, நடை சரி, அதனால் விளையாடலாம் என்று உங்கள் பிசியோ முடிவு செய்தார். வேறு எதுவும் பார்க்கவில்லை, நான் கூடவே இருந்தேன். அறுந்த ஏ.சி.எல்.லுக்குப் பதிலாகப் பின்தொடையிலிருந்து எடுத்து வைத்த ஒட்டு முதல் சில மாதங்களில் பலம் குறைந்துதான் போகும், உள்ளே புதிதாக இரத்தக் குழாய்கள் வளர்ந்து அது முறையான தசைநாராக மாறுவதற்குப் பல மாதங்கள் எடுக்கும், இதெல்லாம் நடப்பது பிள்ளைக்கு வெளியே தெரியாது. தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவள் நினைப்பாள். ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்தவர்களைப் பற்றி 2016 இல் வெளிவந்த டெலவேர்–ஒஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் விளையாடப் போவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயப்படுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வின்படி, 25 வயதுக்குக் குறைந்தவர்கள் மறுபடி விளையாடப் போனால் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ ஏ.சி.எல். திரும்பவும் அறுகிறது. நீங்கள் என் 17 வயது மகளை ஆறு மாதம்கூட முடியாமல் மாகாணப் போட்டிக்கான தெரிவுக்கு அனுப்பப் பார்த்தீர்கள்.

நல்லவேளையாக அந்தத் தெரிவுக்கு முன்னால் டொக்டரிடம் காட்டும் தவணை வந்தது. அவர் ஓர் அளவு நாடாவை எடுத்து இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார், வலது தொடை கண்ணாலேயே தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. கடிதத்தைக் காட்டினேன், கோபத்தில் ஒன்றும் பேசாமல் விளையாட்டு மருத்துவப் பிரிவு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கையில் பிடிக்கிற ஒரு கருவியால் காலின் பலத்தை அளந்தார்கள். இடது காலோடு ஒப்பிட்டால் வலது முன்தொடைக்கு 68 வீதப் பலம்தான் இருந்தது. குறைந்தது 90 வீதம் வர வேண்டும், ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் அதே அளவுக்கு வர வேண்டும், அதற்குப் பிறகுதான் போட்டியைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். அந்தப் பரிசோதனைக்கு அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

என் மகளுடைய நிலையையும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்துப் புதுச் சப்பாத்து வாங்கி வைத்தவள் அவள், பயிற்றுநரும் அணியில் பெயரைப் போட்டுவிட்டார். ஒரு கிழமை கழித்து "முடியாது, இன்னும் பல மாதம் இருக்கு" என்று கேட்டபோது அழுது, அணியின் வட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டாள். இப்போது ஒழுங்கான இடத்தில் பயிற்சி செய்கிறாள், பலம் ஏறிக்கொண்டு வருகிறது, அதைப் பார்க்கும்போதுதான் உங்களிடம் வீணாகப் போன மாதங்களை நினைத்து எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் இந்த வேலை மார்ச்சிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

இதைப் பற்றிப் பேச உங்கள் கிளைக்கு வந்தபோது வரவேற்பில் இருந்தவர் "அன்ரி, பக்கேஜ் காசு திருப்பித் தர மாட்டம், அதுதான் பொலிசி" என்றார். சொன்ன சேவையைத் தராமல் வாங்கிய காசுக்குப் பொலிசி எதுவும் கிடையாது. ஏப்ரலிலிருந்து எடுத்த பணத்தையும், இன்னும் பயன்படுத்தாத தவணைகளுக்கான பணத்தையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். பிசியோதெரபி செய்பவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும், ஆகவே கடிதத்தில் கையெழுத்திட்டவரின் பதிவிலக்கத்தையும் கட்டில்களுக்கு இடையில் மெஷின் மாற்றிக்கொண்டிருந்த இளம் பெடியன்கள் பயிலுநர்களா பதிவு பெற்றவர்களா என்பதையும் தெரியப்படுத்துங்கள். மகளின் சிகிச்சைப் பதிவுகளின் பிரதியும் வேண்டும். அதில் ஒரு தடவையாவது பலத்தை அளந்ததாக எழுதியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

உங்களிடம் இப்போதும் வருகிற மற்றப் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறேன். போன தடவை வந்தபோது முழங்காலில் பட்டி போட்ட ஒரு ரக்பி பெடியன் அதே கட்டிலில் அதே மெஷினோடு படுத்திருந்தான். பலமும் தாண்டும் தூரமும் அளக்காமல் இனி யாருக்கும் இப்படிக் கடிதம் கொடுக்காதீர்கள், உங்களிடம் அளக்க வசதி இல்லையென்றால் வசதி இருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும், தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபைக்கும் இதே கடிதத்தை அனுப்புவேன். பற்றுச்சீட்டு, உங்கள் கடிதம், டொக்டர் எழுதித் தந்த இரண்டு பக்கம், பலப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றின் பிரதியும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பாடசாலைக்கு அனுப்ப வேண்டிய மறுப்புக் கடிதத்துக்கு மட்டும் 14 நாள் காத்திருக்க முடியாது, அதை இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிட்டு ஒரு பிரதியை எனக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்
வெள்ளவத்தை, கொழும்பு 06