பாஸ்க் மொழிக்கு நாம் சித்தப்பா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பாஸ்க் மக்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அஸ்தம்பட்டியில் வழக்கமாகப் போகும் டீக்கடையில் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். பிரினீஸ் மலையின் மேற்குக் கோடியில், பெரும்பகுதி ஸ்பெயினிலும் மீதி பிரான்சிலுமாக, ஏழு பழைய மாகாணங்களில் வாழ்கிறவர்கள், சுற்றிலும் எல்லாரும் லத்தீன் வழி வந்த மொழிகளைப் பேச இவர்கள் மட்டும் எதோடும் ஒட்டாத எயுஸ்கராவை, அதாவது பாஸ்க் மொழியைப் பேசுகிறார்கள் என்று எழுதியது வரைக்கும் சரி. கடைசிப் பத்தியில் அவர்கள் கடல் கடந்து போன தமிழர்கள் என்று முடித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் என் டீ ஆறிப்போனது. மத்தியானத்துக்குள் அந்தப் பத்தி மட்டும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை வந்துவிட்டது.

ஆதாரம் என்று காட்டியது என்ன? அம்மாவுக்கு அங்கே அமா. உண்மைதான், ஆனால் உலகத்தில் பாதிக் குழந்தைகள் உதட்டை மூடித் திறந்தால் முதலில் வருகிற சத்தம் அது, அதை வைத்து உறவு கொண்டாடினால் பந்தி போட இடம் போதாது. ஊருக்கு உரி என்பதும் சரி, மேற்குப் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்கிறார்கள், பொதுவழக்கில் ஹிரி. ஆனால் நம்முடைய ஊருக்கு இன்னும் நெருக்கமாக ஒலிக்கும் உர் என்ற சொல்லும் அங்கே இருக்கிறது, அதற்குப் பொருள் தண்ணீர்! எண்களைக் கட்டுரையில் தொடவே இல்லை, ஏன் என்று எனக்குப் புரிகிறது. பாஸ்க்கில் பத் என்றால் ஒன்று. ஹிரு என்றால் மூன்று. இந்த உறவை நம்பி லீ பஜாரில் மூட்டைக் கணக்குப் போட்டால் பத்து மூட்டைக்குப் பணம் கட்டி ஒரு மூட்டையோடு வீட்டுக்கு வரலாம். மேட்டூரைத் தாண்டிப் போய்க் கன்னடத்தில் ஒந்து, எரடு, மூரு என்று எண்ணுவதைக் கேளுங்கள், உறவு என்றால் அப்படி வரிசையாக, ஒரு ஒழுங்கோடு ஒத்து வரவேண்டும். எங்கோ பலூசிஸ்தானில் இருக்கிற பிராகூயி மொழியை நம் திராவிடக் குடும்பத்தில் சேர்த்ததுகூட அப்படிப் பார்த்துத்தான்.

சொல்லோடு விகுதியை ஒட்டிக்கொண்டே போவது தமிழ் மாதிரி இருக்கிறதே என்பார்கள். எச்சே வீடு, எச்செரா வீட்டுக்கு, எச்செதிக் வீட்டிலிருந்து. அழகாகத்தான் இருக்கிறது. துருக்கியும் ஜப்பானியமும் ஹங்கேரியனும் இதையேதான் செய்கின்றன. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வேறு விஷயம் தெரியும்: 'மனிதன் வந்தான்' என்பதில் மனிதன் கிசோனா, 'மனிதன் ஆப்பிள் தின்றான்' என்றால் அதே மனிதன் கிசோனாக் ஆகிவிடுகிறான். செயப்படுபொருள் வந்தவுடன் எழுவாய்க்கே வால் முளைக்கிற இந்த ஏற்பாடு தமிழில் கிடையாது.

இந்த ஆசை புதுசும் இல்லை. 1963இல் லஹோவாரி என்பவர் பாஸ்க்கையும் திராவிட மொழிகளையும் இணைத்து ஆங்கிலத்தில் புத்தகமே போட்டார். இன்னொரு பக்கம் ஜார்ஜிய மொழியோடும், வட ஆப்பிரிக்க பெர்பர் மொழிகளோடும் பொருத்தம் பார்த்தவர்கள் உண்டு. எந்த ஜாதகமும் சேரவில்லை.

தமிழ்நாட்டுக்கும் பாஸ்க்குக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் ஒரு பாஸ்க்காரர், நவாராவில் பிறந்தவர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த மக்களின் மொழி மலபார் (தமிழை அப்போது போர்த்துக்கீசியர் அப்படித்தான் சொன்னார்கள்), என் மொழி பிஸ்கயாவுடையது (அதாவது பாஸ்க்), ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியவில்லை என்ற பொருளில் அவரே சொல்கிறார். இது நிரூபணம் ஆகாது, பிராகூயிக்காரர் வந்தாலும் நமக்குப் புரியாதுதான். ஆனாலும் இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று தவித்த மனிதரின் வாக்குமூலம் இது. சேவியர் என்ற பெயரே எச்சே பெர்ரி, அதாவது 'புதுவீடு' என்ற பாஸ்க் சொல்லிலிருந்து வந்தது. டீக்கடைக்கு வரும் சேவியர் அண்ணனிடம் சொன்னேன். "நான் முப்பது வருஷமா வாடகை வீட்டுல இருக்கேன் சார்" என்றார்.

சரி, பாஸ்க் மக்கள் எங்கிருந்துதான் வந்தார்கள்? மக்கள் வந்த கதையும் மொழி வந்த கதையும் வேறு வேறாக இருக்கலாம் என்பதைக் கட்டுரை கவனிக்கவே இல்லை. அம்மாப்பேட்டையில் தறி போடும் சௌராஷ்டிரர்களைப் பாருங்கள், வீட்டில் ஒரு மொழி, கடையில் தமிழ். நாளைக்கு யாராவது அவர்கள் எலும்பைச் சோதித்தால் அதில் எந்த மொழி எழுதியிருக்கும்? நம் சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான கற்கோடரிகளை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்துவைத்தார். மலைக் கிராமங்களில் மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் இன்றும் அந்தக் கற்களை வைத்துக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவன் என்ன பேசினான் என்று கல் சொல்வதில்லை. பாஸ்க்கிலும் இதே மயக்கம் உண்டு, கோடரிக்கு அங்கே அய்ஸ்கோரா, ஹாய்ஸ் என்றால் பாறை, ஆகவே இது கற்காலத்து மொழி என்று ஒரு பேச்சு. அய்ஸ்கோரா என்ற சொல் லத்தீனிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மொழியியலாளர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள்.

கல் சொல்லாததைக் கல்வெட்டு கொஞ்சம் சொல்கிறது. தென்மேற்கு பிரான்சில் ரோமானியர் காலத்து லத்தீன் கல்வெட்டுகளில் நெஸ்கதோ, கிசோன், செம்பே என்றெல்லாம் பெயர்கள் வருகின்றன. இன்றைய பாஸ்க்கில் நெஸ்கதோ சிறுமி, கிசோன் ஆண், செமே மகன். ஆக 2000 வருஷமாக மொழி ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது. 2021இல் பம்ப்லோனா பக்கத்தில் இருலேகி மலையில் வெண்கலத்தில் ஒரு கை கிடைத்தது, கி.மு. முதல் நூற்றாண்டு, அதில் முதல் சொல்லைச் சோரியோனெகு என்று படித்தார்கள், நல்லதிர்ஷ்டம் என்ற பொருள் தரும் இன்றைய பாஸ்க் சொல்லை ஒட்டி. வாசலில் தொங்கவிட்டிருக்கலாமாம், நம் திருஷ்டிப் பூசணிக்காய் போல. அந்தச் சொல்லையே அப்படிப் படிக்கலாமா என்று இப்போது சண்டை நடக்கிறது.

மக்கள் விஷயம் இன்னும் விசித்திரம். வட ஸ்பெயினின் அட்டபுயெர்கா குகையில் கிடைத்த பழைய விவசாயிகளின் மரபணு இன்றைய பாஸ்க் மக்களோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 2019இல் வந்த இன்னொன்று, கி.மு. 2000 வாக்கில் ஐபீரியாவின் (ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த பகுதி) மரபில் சுமார் 40 சதவீதம் கிழக்கு ஐரோப்பாவின் புல்வெளியிலிருந்து வந்தவர்களின் வழியாக மாறியது, ஆண்வழி மட்டும் கிட்டத்தட்ட முழுக்கவே மாறிவிட்டது என்றது. பாஸ்க் மக்களும் இதற்கு விலக்கில்லை. ஆனால் அந்தப் புல்வெளிக்காரர்கள் கொண்டுவந்ததாகக் கருதப்படும் இந்தோ ஐரோப்பிய மொழி (லத்தீனும் சமஸ்கிருதமும் சேர்ந்த குடும்பம்) இங்கே வேர்விடவில்லை. அப்பன்கள் மாறியும் பேச்சு மாறவில்லை என்றால் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அம்மாக்களாக இருக்குமோ? இது என் ஊகம்தான், ஆனால் தாய்மொழி என்ற சொல்லை அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உறவே இல்லாத ஒரு மொழி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே ஒரு ஞாயிறு இணைப்புக்குப் போதுமான சங்கதி. அடுத்த வாரம் மறுப்பு போட இடம் இல்லை என்றால் ஒரே ஒரு வரியாவது திருத்திவிடுங்கள். பாஸ்க்கில் நி என்றால் தமிழின் நீ என்று பெட்டிச்செய்தியில் போட்டிருந்தீர்கள். நி என்றால் நான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.