பேப்பர்ல காணாம போன ஆங்கிள் பிராக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் 14 வருஷமா ஜாவாவுல வெப் அப்ளிகேஷன் எழுதி பொழப்பு ஓட்டறவன். உங்க பேப்பர அப்பா காலத்துல இருந்து வாங்கறோம், இணைப்புல ஜாவா தொடர் தமிழ்ல வருதுன்னதும் ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல போட்டு பீத்திக்கிட்டவனும் நான்தான். ஆனா ஜெனரிக்ஸ் பத்தி, அதாவது லிஸ்ட்டுக்குள்ள எந்த டைப் சரக்கு இருக்கணும்னு ஆங்கிள் பிராக்கெட்டுக்குள்ள சொல்ற வசதி பத்தி, நீங்க போட்ட ரெண்டு வார கட்டுரையால போன ஞாயித்துக்கிழமை என் மதிய தூக்கம் போச்சு, அத சொல்லியே ஆகணும்.

அக்கா பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல் மெஸ் பில் போடறதுக்கு ஒரு சின்ன வெப் ஆப் அவனுக்கு ப்ராஜெக்ட். லேப்டாப்ப தூக்கிட்டு வந்து "மாமா, கம்பைல் ஆகுது, ஆனா பேஜ் திறந்தா வெடிக்குது, பேப்பர்ல இருந்த மாதிரியேதான் போட்டேன்"னான். (கம்பைல்னா எழுதின கோட சரிபாத்து ஓடற வடிவத்துக்கு மாத்தறது.) என்னடா பேப்பர்ல இருந்துச்சுனு உங்க வெப்சைட்ட திறந்து பாத்தா கோட்ல ஒரு ஆங்கிள் பிராக்கெட் கூட இல்ல. லிஸ்ட்னு இருக்கு, பக்கத்துல இருக்க வேண்டிய லெஸ் தேன், ஸ்டூடண்ட், கிரேட்டர் தேன் மூணும் காணோம். பிரவுசர் அத ஏதோ எச்டிஎம்எல் டேக்னு நெனச்சு முழுங்கிடுச்சு, ஆம்பர்சண்ட் எல்டி செமிகோலன்னு அடிச்சிருந்தா தப்பிச்சிருக்கும். எழுதினவர் சரியாதான் எழுதியிருப்பாரு, பாவம்.

ஆனா வெறும் லிஸ்ட்னு எழுதினாலும் ஜாவா கம்பைல் பண்ணும், அதுதான் வில்லங்கமே. ஜாவா வந்தது 1996ல, ஜெனரிக்ஸ் வந்தது 2004ல ஜாவா 5 கூட, நடுவுல எழுதின பழைய கோடெல்லாம் உடையக்கூடாதுனு இந்த ரா டைப்ப, அதாவது பிராக்கெட் இல்லாத வெறும் டைப்ப, அப்படியே விட்டு வெச்சாங்க. அதனால பையனுக்கு முதல்ல எர்ரர் வந்தது லிஸ்ட்ல இல்ல, அதுக்கு கீழ ஃபார் லூப்ல, "ஆப்ஜெக்ட்ட ஸ்டூடண்ட்டா மாத்த முடியாது"னு. அவன் ஃபார் லூப்பயே அரைமணி நேரம் மொறச்சு பாத்திருக்கான். அப்புறம் யாரோ சொல்லி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடண்ட்னு மாத்திட்டான், நல்ல விஷயம், ஆனா ஜேசன்ங்கற டேட்டா ஃபார்மட்ட ஜாக்சன்ங்கற லைப்ரரி வெச்சு படிக்கற எடத்துல லிஸ்ட் டாட் கிளாஸ்னு குடுத்தத மாத்தல. இப்ப எர்ரர் போயி அன்செக்ட்னு, அதாவது டைப் சரியானு உறுதி பண்ண முடியலனு, ஒரு வார்னிங் வந்துச்சு. இங்கதான் எனக்கு கோவம், ஏன்னா உங்க ரெண்டாவது வார கட்டுரை "வார்னிங் வந்தால் சப்ரஸ் வார்னிங்ஸ் போட்டால் போதும்"னு சொல்லுது, பையனும் போட்டுட்டான். அது வார்னிங்க வெளில காட்டாம அமுக்கற குறிப்பு. நெருப்பு அலாரம் அடிச்சா பேட்டரிய கழட்டுனு சொல்ற மாதிரி இருக்கு சார்.

பேஜ்ல மேல "மொத்தம் 47 பேர்"னு சரியா வருது, லாக்ல பிரிண்ட் பண்ணா பேரு ரூம் நம்பர் எல்லாம் வருது, லூப் ஆரம்பிச்ச உடனே லிங்க்ட்ஹேஷ்மேப்ப (பேரு-மதிப்பு ஜோடியா வெக்கற மேப்) ஸ்டூடண்ட்டா காஸ்ட் பண்ண, அதாவது அந்த டைப்பா எடுத்துக்க, முடியாதுனு விழுது. "நான் காஸ்ட்டே பண்ணலயே மாமா"ங்கறான். அவன் பண்ணல, கம்பைலர் பண்ணுச்சு. டைப் சரியானு பாத்து முடிச்சதும் ஆங்கிள் பிராக்கெட்டுக்குள்ள இருந்தத அழிச்சிட்டு, எடுக்கற எடத்துல தானா ஒரு காஸ்ட் சொருகி வெக்கும். ஓடற நேரத்துல அது வெறும் லிஸ்ட்தான், உள்ள ஸ்டூடண்ட் வேணும்னு ஜாக்சனுக்கு யாரும் சொல்லல, அதனால அது கைக்கு வந்த மேப்ப போட்டு குடுத்துச்சு. லாக்ல கர்லி பிராக்கெட்டும் ஈக்வல் குறியுமா வந்துச்சு பாருங்க, அதுவே மேப்னு காட்டிக்குடுத்துச்சு.

அந்த லிஸ்ட் டாட் கிளாஸ் எடத்துல, ஜாக்சனோட டைப்ரெஃபரன்ஸ்ங்கற கிளாஸ டைப்ரெஃபரன்ஸ் ஆஃப் லிஸ்ட் ஆஃப் ஸ்டூடண்ட்னு நியூ பண்ணி கடைசில ஒரு காலி கர்லி பிராக்கெட் போட்டு குடுத்தேன், ஓடிடுச்சு. அந்த காலி பிராக்கெட் அழகுக்கு இல்ல, அது ஒரு பேரில்லாத சப்கிளாஸ் உண்டாக்குது, சப்கிளாஸ் தன்னோட அப்பன் கிளாஸ் டைப்ப ஞாபகம் வெச்சிருக்கும், அந்த ஒரு ஓட்டை வழியாதான் ஜாக்சன் உள்ள எட்டிப்பாக்குது.

இன்னொன்னு. அதே கட்டுரைல "ஸ்டூடண்ட் என்பது பெர்சன், எனவே ஸ்டூடண்ட் லிஸ்ட்டை பெர்சன் லிஸ்ட் கேட்கும் இடத்தில் தரலாம்"னு போட்டிருக்கீங்க. தர முடியாது, கம்பைலர் விடாது. வீட்டுல இட்லி ஹாட்பாக்ஸ பக்கத்து வீட்டுக்கு "டிபன் டப்பா"னு சொல்லி குடுத்தா அவங்க அதுல பொங்கல் போட்டு திருப்பி தருவாங்க, டிபன்தானே, அவங்க மேல தப்பில்ல, ஆனா நாம இட்லினு கைய விட்டா? அதுக்குதான் தடை. எடுத்து மட்டும் பாக்கப்போற மெத்தடா இருந்தா பாராமீட்டர்ல கேள்விக்குறி எக்ஸ்டெண்ட்ஸ் பெர்சன்னு மாத்துங்க, எர்ரர் போயிடும், பதிலுக்கு உள்ள எதுவும் ஆட் பண்ண விடாது. உள்ள போடப்போற மெத்தடா இருந்தா எக்ஸ்டெண்ட்ஸுக்கு பதிலா சூப்பர்ங்கற கீவேர்ட், ஸ்டூடண்ட் போடணும்னா கேள்விக்குறி சூப்பர் ஸ்டூடண்ட். ஜாவா அர்ரேக்கு இந்த தடை கிடையாது, பொங்கல போட வரைக்கும் சும்மா இருந்துட்டு ஓடும்போது அர்ரேஸ்டோர்எக்ஸப்ஷன்னு விழும்.

பையன் ஆப் இப்ப ஓடுது. ரெண்டு பேருக்கு முட்டை காசு டபுளா விழுது, அது அவன் கணக்கு, ஜெனரிக்ஸ் மேல பழி போட முடியாது.

அடுத்த வாரம் லாம்ப்டானு போட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி வெப்சைட்ல அந்த ரெண்டு பக்கத்துலயும் பிராக்கெட்ட திருப்பி போட்டுடுங்க, சப்ரஸ் வார்னிங்ஸ் வரிய எடுத்துட்டு அந்த எடத்துல ஹைஃபன் எக்ஸ்லின்ட் கோலன் அன்செக்ட்னு ஒரு ஆப்ஷன் குடுத்து கம்பைல் பண்ண சொல்லுங்க, எந்த வரில பிரச்சனைனு அதுவே காட்டும். பேப்பர்லயும் ஒரு சின்ன திருத்தம் கட்டம் கட்டி போட்டா நல்லது, எங்க அக்கா அத வெட்டி பையன் டேபிள்ல ஒட்டறேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மேற்கு தாம்பரம்