கத்திக்கு ஏற்ற தீட்டு வார்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. நலம்தானே? கல்லில் நன்றாகத் தீட்டியும் காகிதத்தை வெட்டும்போது கத்தி நடுவில் சிக்குகிறது என்று எழுதியிருக்கிறாய். தீட்டும்போது உருவாகும் மெல்லிய உலோகப் பிசிறு இன்னும் விளிம்பில் தொங்குகிறது. தீட்டு வாரில், அதாவது பலகையில் ஒட்டிய தோல் பட்டையில், இழுத்தால் போய்விடும்.

எந்த வார் வாங்கலாம் என்று முதலில் கேட்டாயே, அதுதான் எனக்குப் பிடித்தது. எல்லோரும் வாரில் தடவும் மெருகுப் பசையைத்தான் கேட்கிறார்கள். மெத்தென்ற பொருள் கத்தியின் எடையில் அமுங்கி, கத்தி நகர்ந்ததும் பின்னால் எழும்பி விளிம்பைத் தடவும். அதில் கூர் உருண்டுவிடும். அதனால் 2 மி.மீ. கனத்தில், தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோலைத் தேடு. குரோமியத்தில் பதனிட்டது பெரும்பாலும் மெத்தென்றிருக்கும். தட்டையான பலகையில் ஒட்டி, ஒரு நாள் பாரம் வைத்துவிடு. வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மெருகுப் பசை பிடிக்கும். சொரசொரப்பான பக்கம் பசையை நன்றாக வாங்கும், ஆனால் அதிகம் அமுங்கும்.

பால்சா மரமும் நல்லதுதான். அதிகம் அமுங்காது, கீறல் விழுந்தால் தேய்த்துச் சமமாக்கலாம். ஜீன்ஸ் துணியைக் கல்மேல் இழுத்துக் கட்டினால் பிசிறு துடைக்கப் போதும், மெருகுக்குப் போதாது.

பசையில், சாதாரண எஃகுக்கு 0.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளுள்ள பச்சைக் குரோமியம் ஆக்சைடு போதும். வனேடியம் மிகுந்த எஃகு என்றால் 1 மைக்ரான் வைரப் பசை வாங்கு. அந்த எஃகுக்குள் இருக்கும் வனேடியம் கார்பைடுத் துகள்கள் குரோமியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. 20 செ.மீ. பலகைக்குக் குண்டூசித் தலையளவில் ஐந்தாறு புள்ளிகள் வைத்து விரலால் பரப்பு. அப்பிவிட்டால் கத்தி பசைக்கட்டிகள்மேல் ஏறி இறங்கும். ஒரு வாரில் ஒரு பசைதான். பசையை இளக்கச் சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும்.

கோணம் பிடிக்க ஒரு வழி: வெறும் தோலில் விளிம்பை மிக மெதுவாக முன்னோக்கித் தள்ளியபடி கத்தியின் முதுகை (விளிம்புக்கு எதிர்ப்பக்கத்தை) உயர்த்து. விளிம்பு தோலைக் கடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் உன் கோணம். இழுக்கும்போது எப்போதும் முதுகு முன்னால் போகட்டும். பக்கத்துக்குப் பத்து, மாற்றி மாற்றி. கத்தியின் எடையே அழுத்தம். கடைசியில் நிறுத்திவிட்டுத் தூக்கு. ஓடும்போதே திருப்பித் தூக்கினால் கத்தி மழுங்கும்.

இருபது இழுப்புக்குப் பிறகும் காகிதம் சிக்கினால் வாரை விட்டுவிடு. பிசிறு பெரிது, நுண்கல்லில் மிக லேசாக, பக்கம் மாற்றி நாலைந்து தடவு, பிறகு வாருக்கு வா.

உன் கத்தி எந்த எஃகு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்