எதிரிக்கும் சேர்த்து லெவல் ஏற்றாதீர்கள்

ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்த்து ஆடும்) கேம் உருவாக்கும் சிறு குழுக்களுக்கு,

வணக்கம். கதைக்கும் வரைபடத்துக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, லெவல் கணக்கைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அந்தக் கணக்கு பிசகினால், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கடைசி நகரத்தை ஆட்டக்காரர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

2006இல் வந்த 'ஆப்லிவியன்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் ஏழு முதன்மைத் திறன்களைத் தேர்ந்தெடுப்பார். அவை மொத்தம் பத்து முறை உயர்ந்தால் ஒரு லெவல். கூடவே எதிரிகளில் பெரும்பாலோரும் ஏறிக்கொண்டே வருவார்கள். பேச்சுத்திறனையும் வியாபாரத்தையும் முதன்மையாக வைத்தவர் பேசிப் பேசியே லெவல் ஏறிவிடுவார், ஆனால் வாள் பிடிக்கும் கை பழைய கைதான். எதிரியோ வளர்ந்து நிற்பான். வழிப்பறிக் கொள்ளையன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்து வந்து சில்லறை கேட்பான். லெவல் ஏறுவதே தண்டனை என்றானதும், அன்றாடம் பயன்படுத்தும் திறன்களை முதன்மைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டு, ஏறாமலே இருக்கப் பலர் வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டக்காரர் வளர்ச்சிக்குப் பயந்தால் தப்பு வடிவமைப்பில்தான்.

ஆப்லிவியனை உருவாக்கிய நிறுவனமே 2011இல் 'ஸ்கைரிம்' கேமில் இதைப் பெருமளவு சரிசெய்தது. பல குகைகளுக்குக் கீழ் வரம்பு, மேல் வரம்பு என இரண்டு லெவல் எண்கள். ஆட்டக்காரர் முதன்முறை நுழையும்போது அந்த வரம்புக்குள் லெவல் முடிவாகும். சிறு குழுவுக்கும் இது கைக்கெட்டிய வழிதான்: ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு எண்கள் போதும். தொடக்கக் காட்டின் மேல் வரம்பை 5, 6 என்று தாழ்வாகவே வையுங்கள். இருபதாவது லெவலில் திரும்பி வருபவர், முன்பு தன்னைத் துரத்திய ஓநாயை ஒரே வெட்டில் சாய்க்கட்டும். தான் வளர்ந்திருப்பது அவருக்கு அங்கேதான் உறைக்கும்.

அடுத்தது டேமேஜ் சூத்திரம், அதாவது ஒரு அடி எவ்வளவு உயிரைக் குறைக்கும் என்ற கணக்கு. பெரும்பாலான சிக்கல்களின் வேர் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பாருங்கள். 'தாக்குதல் கழித்தல் தற்காப்பு' என்று எழுதுவது சுலபம். எதிரியின் தற்காப்பு 15, உயிர் 60 என்று வைப்போம். தாக்குதல் 16 என்றால் ஒரு அடிக்கு 1 டேமேஜ், அறுபது அடி அடிக்க வேண்டும். 20 என்றால் பன்னிரண்டு அடி, 25 என்றால் ஆறு, 30 என்றால் நாலு. ஒரே ஒரு வாள் மாற்றினாலும் சண்டை தலைகீழாகிவிடும். இப்போது தாக்குதலைத் தாக்குதலாலேயே பெருக்கி, தாக்குதலும் தற்காப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். அதே நான்கு நிலைகளில் எட்டு, ஆறு, நாலு, மூன்று அடி. வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது, சண்டையும் கைமீறவில்லை.

சதவீத போனஸ்களிலும் கவனம் வேண்டும். தலா 20% தரும் ஐந்து மோதிரங்களைக் கூட்டினால் டேமேஜ் இரு மடங்கு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஒரே வகை போனஸ்களை முதலில் கூட்டிவிட்டு, ஒரே ஒரு முறை பெருக்குங்கள்.

கடினத்தைக் கூட்ட உயிரை மட்டும் ஏற்றாதீர்கள். ஸ்கைரிமின் மிகக் கடினமான 'லெஜண்டரி' நிலையில் ஆட்டக்காரர் தரும் டேமேஜ் கால் பங்காகும், வாங்குவது மூன்று மடங்காகும். எட்டு அடியில் விழ வேண்டியவனுக்கு முப்பத்திரண்டு அடி. செய்யும் வேலை அதேதான், நேரம்தான் நீள்கிறது. அதற்குப் பதிலாகக் கவசக்காரனுக்குப் பின்னால் ஒரு வில்லாளியை நிறுத்துங்கள், அல்லது காயம் ஆற்றும் ஒருவனைச் சேருங்கள். யாரை முதலில் வீழ்த்துவது என்று ஆட்டக்காரர் யோசிக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்பி (லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி) விஷயத்தில், மேசையில் ஆடும் ஆர்பிஜியான 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பின் கணக்கு எங்களுக்கு மிகவும் பிடித்தது. எந்த லெவலுக்கும் 1,000 எக்ஸ்பிதான். சம லெவல் எதிரிக்கு 40, இரண்டு லெவல் மேலே இருப்பவனுக்கு 80, இரண்டு கீழே என்றால் 20. பலவீனமானவர்களையே வெட்டிக்கொண்டிருந்தால் வரவு தானாகவே சுருங்கும். சைட் குவெஸ்ட் (கிளைப் பணி) எல்லாவற்றையும் முடித்தவருக்கும், நேரே கதையில் போனவருக்கும் இடைவெளி அதிகமாகாது.

இவை சரியாக அமைந்தனவா என்று பார்க்க இரண்டு பேரை ஆடவையுங்கள்: ஒருவர் முதன்மைக் கதையை மட்டும், இன்னொருவர் ஒன்றுவிடாமல். ஒவ்வொரு பாஸ் (பெரிய எதிரி) சண்டையிலும் நான்கு எண்களைக் குறியுங்கள்: லெவல், கையிலுள்ள மருந்துப் புட்டி, வீழ்த்த ஆன அடிகள், செத்த தடவைகள். இருவர் லெவலுக்கும் இடையே நாலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பாஸைத் தொடாதீர்கள்; முதலில் எக்ஸ்பி பட்டியலைத் திருத்துங்கள். புட்டிகள் ஐம்பது அறுபது என்று குவிந்து கிடந்தால் கடையில் விலை மலிவு, அல்லது வழியில் சண்டைகள் சப்பை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே ஒரு எண்ணை மாற்றி, மறுபடி ஆடவையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அன்புடன்,
லெவல் கணக்குப் போடுவதே வேலையாகக் கொண்ட சிலர்